பொய்ப்பூச்சித் தூண்டில்: வாங்குவதும் காயவைப்பதும்

தாமிரபரணிக் கரையில் மண்புழு, தக்கை, ஈயக்குண்டு என்று கெளுத்திக்குத் தூண்டில் போட்டு வளர்ந்தவன் நான். நியூசிலாந்தின் தென்கோடியில், மட்டாவுரா ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங் என்ற இந்தப் பொய்ப்பூச்சித் தூண்டிலை முதன்முதலாகப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஒரு பெரியவர் தொடையளவு நீரில் நின்றுகொண்டு காற்றில் கயிற்றைச் சாட்டைபோல முன்னும் பின்னும் சுழற்றிக்கொண்டிருந்தார். நுனியில் புழுவும் இல்லை, குண்டும் இல்லை; சுண்டுவிரல் நகத்தில் பாதிகூடத் தேறாத ஓர் இறகுத் துணுக்கு. அரை மணி நேரத்தில் மூன்று டிரவுட் மீன்களைப் பிடித்தார். மூன்றையும் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். சிரிப்பு அத்தோடு நின்றது.

இங்கே வந்து சேரும் நம்மவர்கள் பலர் இப்போது என்னிடம் கேட்கிறார்கள்: "எந்தக் கோல் வாங்கலாம்?" கேள்வியே தலைகீழ். கோலைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் லைனை, அதாவது வீசும் கயிற்றைப் பற்றிக் கேட்க வேண்டும். ஏன் என்று புரிந்துவிட்டால் கடையில் பாதிப் பணம் மிச்சமாகும்.

நம்மூர்த் தூண்டிலில் பறப்பது ஈயக்குண்டு. தங்கூஸ் நரம்பு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. இங்கே நுனியில் இருக்கும் பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது. அதை எவ்வளவு ஓங்கி எறிந்தாலும் காலடியில்தான் விழும். ஆகவே எடையைக் கயிற்றிலேயே வைத்திருக்கிறார்கள். பறப்பது லைன், பூச்சி அதன் பின்னால் போகிறது. கோல் என்பது அந்த லைனை வீசும் வில், அவ்வளவுதான்.

கடைக்கு முன்னால் உரிமம்

டிரவுட் பிடிக்க உரிமம் கட்டாயம். பெரும்பாலான பகுதிகளுக்கு ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பு அதை வழங்குகிறது. டவுப்போ ஏரி வட்டாரத்துக்கு மட்டும் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் தனி உரிமம் வாங்க வேண்டும். பல ஆறுகளில் பருவம் அக்டோபர் 1-ல் தொடங்கி ஏப்ரல் 30 வரை நீடிக்கிறது; ஆனால் ஆற்றுக்கு ஆறு விதி மாறும் என்பதால் போகும் ஆற்றின் விதியைப் படித்துவிட்டுப் போங்கள். இன்னொன்று: இந்த நாட்டில் டிரவுட்டை விற்பதும் வாங்குவதும் குற்றம். எந்த மீன்கடையிலும் கிடைக்காது. பொரித்துத் தின்ன ஆசை என்றால் நீங்களே பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்தவர் மனமுவந்து கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் இது இந்த மண்ணின் மீனே இல்லை. 1864-ல் இங்கிலாந்திலிருந்து பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்து முட்டைகளைக் கப்பலில் டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து 1867-ல் பழுப்பு டிரவுட் இங்கே வந்தது. வந்த இடத்தில் வேரூன்றிப்போன மீன். என்னவோ, எனக்கு அதன்மேல் ஒரு பாசம்.

முதலில் லைன்

லைன் பெட்டியின்மேல் 'டபிள்யூ.எஃப்-5-எஃப்' என்பதுபோல ஒரு குறி இருக்கும். முதல் இரண்டெழுத்து, எடை முன்பக்கம் கூடியிருக்கிறது என்று சொல்கிறது. புதியவருக்கு அதுதான் வீச எளிது. கடைசி 'எஃப்' என்றால் மிதக்கும் வகை. மூழ்கும் லைன்களும் உண்டு. முதல் இரண்டு வருடம் அவற்றின் பக்கம் போக வேண்டாம்.

நடுவில் இருக்கும் எண்தான் முக்கியம். லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை அது சொல்கிறது. 5 என்றால் 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய 9 கிராம். நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்று மேலே. 6 என்றால் 160 கிரெயின், பத்தரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பவுன் எடையை 30 அடி நீளத்துக்கு இழுத்துக் காற்றில் வீசுகிறோம் என்று நினைத்துக்கொண்டால், கையின் பலத்தைவிட நிதானம் ஏன் முக்கியம் என்பது தானாகப் புரியும்.

எண் 5 பல இடங்களுக்குப் பொருந்தும். ஆனால் நியூசிலாந்தின் தென்தீவில் காற்று சும்மா விடாது. பிற்பகலில் எதிர்க்காற்று எழுந்தால் எண் 5 திணறும். அதனால் இங்கே தொடங்குபவருக்கு 6-ஐயே சொல்வேன். நிறத்திலும் கவனம் வேண்டும். கடையில் பளிச்சென்ற ஆரஞ்சும் எலுமிச்சை மஞ்சளும் கண்ணைப் பறிக்கும். இங்குள்ள ஆறுகளில் பல கண்ணாடிபோலத் தெளிந்தவை. தலைக்குமேல் மஞ்சள் கோடு ஒன்று பறந்தால் மீன் அடுத்த நொடி இருக்காது. பாசிப்பச்சை, சாம்பல் என்று மங்கிய நிறமாக வாங்குங்கள்.

காசை எங்கே கொட்டுவது என்று கேட்டால் இங்கேதான். சுமாரான கோலில் நல்ல லைன் மாட்டினால் வீச்சு வரும். உயர்ந்த கோலில் மட்டமான லைனை மாட்டினால் அழுகைதான் வரும்.

கோல்

லைன் எண் 6 என்றால் கோலும் எண் 6. கைப்பிடிக்குச் சற்று மேலே எண் எழுதியிருக்கும். நீளம் 9 அடி. நான்கு துண்டாகக் கழல்வது, காரிலும் விமானத்திலும் கொண்டுபோக வசதி. கார்பன் கோல்தான் இப்போது எங்கும். மூங்கிலைச் சீவி ஒட்டிச் செய்த கோல்களும் உண்டு. தென்சீனத்தில் விளையும் டோங்கின் என்ற மூங்கிலில் செய்வது. பார்க்க அழகு, விலை கேட்டால் மயக்கம். அவை ரசிகர்களுக்கு.

'வேகம்', 'நடுத்தரம்', 'மெது' என்று கோலின் வளைவுத் தன்மையைப் பிரிப்பார்கள். வேகமான கோல் நுனியில் மட்டும் வளையும். மெதுவானது கைப்பிடிவரை வளையும். கடைக்காரர் வேகமானதைக் கையில் திணிக்கப் பார்ப்பார், ஏனெனில் பெரும்பாலும் அதன் விலைதான் அதிகம். நடுத்தரத்தைக் கேளுங்கள். லைனின் எடை கோலில் ஏறி அது வளைவதைக் கையால் உணர்ந்தால்தான் வீசும் தருணம் பழகும். வேகமான கோலில் அந்த உணர்வு புதியவருக்குத் தட்டுப்படாது.

வாங்கியதும் ஆற்றுக்கு ஓடாதீர்கள். பூச்சிக்குப் பதில் ஒரு துளிக் கம்பளி நூலை முனையில் கட்டி, புல்தரையில் தினம் கால் மணி நேரம் வீசிப் பழகுங்கள். சிமெண்டுத் தரையில் வேண்டாம். லைனின் மேல்தோல் உரிந்துவிடும்.

ரீல்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டிரவுட்டுக்கு ரீல் என்பது லைனைச் சுருட்டி வைக்கும் டப்பா, கொஞ்சம் பிடிமானம் தரும் டப்பா. மீன் இழுக்கும்போது திணறாமல் ஒரே சீராக லைனை விட வேண்டும், அது போதும். நடு உருளை பெரிதாக இருப்பது நல்லது. லைன் அதிகம் சுருண்டுபோகாது, சுற்றுவதும் விரைவு. லைனுக்கு அடியில் 'பேக்கிங்' என்ற மெல்லிய பின்னல் கயிற்றைச் சுற்றித் தருவார்கள். பெரிய மீன் லைன் முழுவதையும் இழுத்துக்கொண்டு ஓடினால் கைகொடுப்பது அதுதான். எந்தக் கையால் சுற்றுவீர்கள் என்று கடையிலேயே சொல்லி மாட்டித் தரச் சொல்லுங்கள்.

லீடரும் முடிச்சும்

பருத்த லைனின் நுனியில் நேரே பூச்சியைக் கட்ட முடியாது. இடையில் 'லீடர்' என்ற நைலான் நரம்பு வரும். ஒரு முனை தடிமன், மறுமுனை மெல்லிது. வழக்கமாக 9 அடி. தெளிந்த நீரில் 12 அடி. அதன் மெல்லிய முனையில் சேர்த்துக் கட்டும் துண்டுக்கு 'டிப்பெட்' என்று பெயர். பூச்சி மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்பட்டுக் கரைவது இதுதான்.

டிப்பெட்டின் தடிமனை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். எக்ஸ் கூடினால் நரம்பு மெலியும். தூண்டில் முள்ளிலும் இதே குழப்பம்: எண் கூடக் கூட முள் சிறுக்கும். இரண்டையும் பொருத்த எளிய வழி ஒன்று உண்டு. முள்ளின் எண்ணை மூன்றால் வகுங்கள். 12-ஆம் எண் முள்ளுக்கு 4எக்ஸ், 16-க்கு 5எக்ஸ். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

முடிச்சுகள் நூறு இருக்கின்றன. பூச்சியைக் கட்ட கிளிஞ்ச் முடிச்சு, நரம்போடு நரம்பு சேர்க்க சர்ஜன் முடிச்சு, இந்த இரண்டையும் இருட்டிலும் போடும் அளவுக்குப் பழகினால் ஆற்றங்கரையில் பிழைத்துக்கொள்ளலாம். இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நைலானை இழுத்து இறுக்கினால் உராய்வில் சூடாகி அந்த இடமே பலமிழக்கும். நான் தவறவிட்ட மீன்களில் பாதி இப்படிப் போனவை. மீதிப் பாதிக்கு வேறு சாக்கு வைத்திருக்கிறேன்.

வெட்டிய நரம்புத் துண்டுகளைக் கரையில் போடாதீர்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். சட்டைப்பையில் ஒரு பழைய மாத்திரை டப்பி போதும்.

பொய்ப்பூச்சிகள்

பெட்டி நிறைய வாங்கத் தூண்டும் இடம் இது. ஒரு டஜனில் நிறுத்துங்கள். நீருக்கடியில் போகும் 'நிம்ஃப்' வகையில் ஆறு, நீர்மேல் மிதக்கும் உலர்வகையில் ஆறு. டிரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் உண்கிறது. ஆகவே நிம்ஃபை அலட்சியம் செய்ய வேண்டாம். 'ஃபெசன்ட் டெயில்' என்ற நிம்ஃப் 14, 16 எண்களில் கட்டாயம் இருக்கட்டும். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் செய்தது. நூல்கூட இல்லை, ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் செம்புக் கம்பியும் மட்டும். அவ்வளவு எளிய பொருள் உலகின் இந்த மூலையிலும் மீனை ஏமாற்றுகிறது. மட்டாவுராவில் மேஃப்ளை பூச்சிகள் கூட்டமாக எழும் மாலைகள் பேர்போனவை. கோடையில் வில்லோ மரங்களிலிருந்து உதிரும் சின்னஞ்சிறு மஞ்சள் புழுவைத் தவிர வேறெதையும் அந்த மீன்கள் திரும்பிப் பார்க்காத நாட்களும் உண்டு. அதற்கும் இரண்டு பொய்ப்புழு வைத்துக்கொள்ளுங்கள்.

இறகு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மேற்கத்திய நாடுகளில் சால்மன் மீனுக்குக் கட்டிய பழைய பொய்ப்பூச்சிகளில் கண்போல வைத்துக் கட்டும் இறகு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடையது. கழுத்து இறகில் மெழுகுத்துளிபோல ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். அதற்காக அந்தப் பறவை நிறைய அடிபட்டிருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். ஊருக்குப் போகும்போது யாராவது இறகு கேட்டால் கொண்டுவராதீர்கள்.

முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவது எளிது. உங்கள் காது மடலில் ஏறினாலும் எடுப்பது எளிது. ஏறும். அதனால்தான் தொப்பியும் போலராய்டு கண்ணாடியும் பட்டியலில் கோலுக்கு அடுத்தபடி வர வேண்டும். அந்தக் கண்ணாடி நீரின் பளபளப்பை அகற்றி மீனையும் காட்டும், கண்ணையும் காக்கும்.

வேடர்ஸ்

நம் கண்ணப்ப நாயனாருக்கும் இதற்கும் தொடர்பில்லை. நெஞ்சுவரை ஏறும், நீர் புகாத காற்சட்டைக்கு அந்தப் பெயர். கோடையில் வேண்டியதே இல்லை; அரைக்காற்சட்டையோடு இறங்கிவிடலாம். வாங்குவதானால் வியர்வையை வெளியே விடும் துணியில் வாங்குங்கள். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் ஆற்றில் கால் வைக்காதீர்கள். வழுக்கி விழுந்தால் உள்ளே நீர் புகுந்து நிரம்பாமல் தடுப்பது அந்தப் பட்டைதான்.

காலணியில் ஒரு சட்டம் இருக்கிறது. பாசிப் பாறையில் வழுக்காது என்பதால் கம்பளிபோன்ற ஃபெல்ட் அடி வைத்த பூட்ஸை உலகெங்கும் போட்டார்கள். இங்கே 2008 முதல் அதற்குத் தடை. காரணம், டிடிமோ என்ற நுண்பாசி. 2004-ல் தென்தீவின் தென்கோடியான சவுத்லாந்தில், வையாவ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கண்டுபிடித்தார்கள். ஆற்றுப்படுகையைப் பழுப்புச் சாக்குப்போல மூடிவிடும். ஃபெல்ட் நீரை விடாமல் பிடித்துக்கொள்வதால், அதற்குள் உயிரோடு இருந்துகொண்டே அடுத்த ஆற்றுக்குப் பயணம் செய்யும். எனவே ரப்பர் அடி, வேண்டுமானால் உலோகக் குமிழ் பதித்தது. பழைய பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று இணையத்தில் வாங்கும்முன் அடியைத் திருப்பிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

நான்கு கோல்களைப் பறிகொடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூட மீன் உடைக்கவில்லை. ஒன்று காரின் கதவில் நசுங்கிப் போனது. ஒன்றை வரவேற்பறையில் பூட்டி அழகு பார்த்தபோது மின்விசிறி வாங்கிக்கொண்டது. ஒன்று காரின்மேல் சாய்த்து வைத்திருந்தது, காற்றில் சரிந்தது. நான்காவதை நான் மிதித்தேன். ஆகவே கோலைப் பூட்டுவது கடைசி வேலையாகவும், கழற்றுவது முதல் வேலையாகவும் இருக்கட்டும். புதருக்குள் நடக்கும்போது நுனி பின்பக்கம் இருக்க வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் மறக்காதீர்கள்: மின்கம்பிக்குக் கீழே வீச வேண்டாம், இடி இடித்தால் கோலைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள்.

ஈரக் கோலை உறையில் போட்டுக் குழாய்க்குள் மூடி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கைப்பிடித் தக்கையில் பூஞ்சை பிடிக்கும். கோலின் பூச்சு கொப்புளமாக எழும். துணியால் துடைத்து, இரவு முழுவதும் வெளியே காயவிட்டு, உறையையும் தனியே காயவைத்து, மறுநாள் உள்ளே வையுங்கள். கோலைக் கழற்றும்போது நேராக இழுக்க வேண்டும். லைன் ஓடும் வளையங்களைப் பிடித்து முறுக்கக் கூடாது. இறுகிப்போனால் குறடு எடுக்காதீர்கள். இன்னொருவரைக் கூப்பிடுங்கள். இருவரும் எதிரெதிரே நின்று, ஆளுக்கு ஒரு கையை மூட்டின் இந்தப் பக்கமும் மறு கையை அந்தப் பக்கமும் வைத்து ஒரே நேரத்தில் இழுத்தால் கழன்றுவிடும். மூட்டில் வருடத்துக்கு ஓரிரு முறை மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் வீசும்போது தளராது, கழற்றும்போது சிக்காது. வளையங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பஞ்சுத் துணுக்கை உள்ளே இழுத்துப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் அந்த வளையம் உங்கள் லைனை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

லைனுக்கு வெயிலும் அழுக்கும் எதிரி. அதைவிடப் பெரிய எதிரி கொசுமருந்து. இந்த ஊர் மணல் ஈக்கள் கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். எல்லோரும் டீட் என்ற ரசாயனம் கலந்த மருந்தைப் பூசிக்கொள்வார்கள். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். என் முதல் லைன் ஒரே மாதத்தில் பிசுபிசுத்து வெடித்தபோது தயாரிப்பைத் திட்டினேன். குற்றவாளி என் உள்ளங்கை. மருந்தைப் புறங்கையால் பூசுங்கள், அல்லது முழுக்கைச் சட்டை போடுங்கள். நாலைந்து முறை போய்வந்ததும் லைனை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைத்து நனைத்து, துணியில் பிடித்து உருவுங்கள். துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால் லைன் ஏன் மிதக்க மறுத்தது என்று தெரிந்துவிடும்.

ரீலின் உருளையைக் கழற்றி நல்ல நீரில் அலசிக் காயவிடுங்கள். பிடிமானத் திருகைத் தளர்த்தி வையுங்கள். பூச்சிப் பெட்டியைத் திறந்தே இரவு முழுவதும் வையுங்கள். ஒரே ஈரப் பூச்சி பெட்டி முழுவதையும் துருப்பிடிக்க வைக்கும். வேடர்ஸைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உள்ளும் புறமும் உலர்த்துங்கள். ஒழுகினால் ஓட்டையைத் தேடித் தலையைப் பிய்க்க வேண்டாம். வியர்வை விடும் துணி வகையாக இருந்தால் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மருந்துக்கடை ஸ்பிரிட்டைத் தெளியுங்கள். ஓட்டை இருக்கும் இடம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதன்மேல் யூரித்தேன் பசை ஒரு துளி.

ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும் முன் பாருங்கள், கழுவுங்கள், காயவையுங்கள் என்பது இங்கே விதி. ஒட்டியிருக்கும் பாசியை அந்த ஆற்றங்கரையிலேயே எடுத்துவிட்டு, கழுவி, தொட்டால் ஈரம் தெரியாத அளவு காய்ந்த பிறகும் இன்னும் 48 மணி நேரம் காயவிட வேண்டும். பூட்ஸின் உட்புறம்தான் ஏமாற்றும். செய்தித்தாளைத் திணித்து வைத்தால் சீக்கிரம் உலரும்.

விமானத்தில் வரும்போதும் இதே கதை. பயன்படுத்திய தூண்டில் சாமான், பூட்ஸ், இறகில் கட்டிய பூச்சி எல்லாவற்றையும் நாட்டுக்குள் நுழையும்போது தரும் பயணி அறிவிப்பில் தவறாமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் அபராதம். சென்ற முறை ஆஸ்திரேலியா போய்த் திரும்பியபோது அதிகாரி என் பூட்ஸை வாங்கி, நாடாவைத் தளர்த்தி, நாக்குக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, எந்த ஆற்றில் என்ன பூச்சி போட்டேன் என்று கேட்டார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.